கடற்கரை ஊர்ப் பழைய வீடுகள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

தரங்கம்பாடியான்
ரொம்ப நாளா மனசுல கிடக்குது, கொட்டிடறேன். தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்கு நடக்கற தூரத்துல தாத்தா வீடு. நாட்டு ஓடு, தெருவைப் பாத்த திண்ணை, முற்றத்தைச் சுத்தி தாழ்வாரம், நாலு மரத்தூண். சுனாமிக்கு அப்புறம் சித்தப்பா பாகம் கேட்டாரு. இடிச்சோம். டேனிஷ்காரன் 1845-ல கோட்டையோட வெள்ளைக்காரனுக்கு வித்த ஊரு, விக்கறது எங்களுக்குப் புதுசில்ல. தூணெல்லாம் பழைய சாமான் வியாபாரி வண்டியில போச்சு.

போன மாசம் பாண்டியில ஒரு ஓட்டல். பக்கத்துல மரத்தூண். கை சும்மா இருக்காம தடவிக்கிட்டே கீழ போகுது. முழங்கால் உயரத்துல கட்டைவிரல் ஒரு பள்ளத்துல போய் உக்காந்துச்சு. எங்க தூண்லயும் அதே உயரத்துல அதே மாதிரி பள்ளம், அப்பாயி மோர் கடைஞ்ச கயிறு தேய்ச்சது. அதே தூண்னு சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா தோசை இறங்கல. சர்வர் "சார், சாம்பார் ஊத்தவா"ன்னு ரெண்டு தடவை கேட்டிருக்காரு, காதுல விழல.

காயல் லாத்தா
எங்க காயல்பட்டினத்துல வீடு பொண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து சேரணும். அக்கா தங்கச்சி வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும், நடுவுல முடுக்கு. தெரு ஆம்பளைங்களுக்கு, முடுக்கு எங்களுக்கு. சின்னம்மா வீட்டைப் புதுசா கட்டினப்போ பின்பக்கம் சுவர் எழுப்பிட்டாங்க. இடம் பத்தலையாம்.

ஒரு நோன்பு நாள், மஃரிபுக்குக் கொஞ்சம் முன்ன. உம்மாவோட உம்மா கஞ்சிக் கிண்ணத்தைத் துணியால மூடி எடுத்துக்கிட்டு வழக்கம்போல முடுக்குல திரும்புனாங்க. சுவர். பழகின காலு, மறந்துட்டாங்க. அந்தச் சிமெண்டுல உள்ளங்கையை வச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க. தெரு வாசல் வழியா போகலாமேன்னேன். "அது விருந்தாளி போற வழிடி"ன்னு திரும்பிட்டாங்க. கஞ்சியை நாங்கதான் குடிச்சோம்.

சுண்ணாம்புக்கரண்டி
நான் நாகப்பட்டினம், கொத்தனார் பிள்ளை. தரங்கம்பாடியான் சார், கோச்சுக்காதீங்க. மோர் கடையற மத்தைத் தூணோட புடிச்சு வைக்க மேல ஒண்ணு கீழ ஒண்ணு, ரெண்டு கயிறு வளையம் இருக்கும். தேஞ்சா ரெண்டு தடம் விழணும். ஒத்தைப் பள்ளம்னா அது மத்து இல்ல.

என் கதை சின்னது: அப்பா பூசின ஒரு வீட்டுச் சுவர்ல, அவர் போனப்புறம் நானே சிமெண்ட் பூசினேன். கூலிக்குத்தான். ரெண்டே மழையில பொருக்கு பொருக்கா உதிர்ந்துச்சு. அந்த வீட்டு ஆச்சி ஒண்ணுமே சொல்லல, உதிர்ந்ததைக் கூட்டி முறத்துல அள்ளி என் முன்னாடி வச்சுட்டுப் போயிட்டாங்க.

இதைப் படிக்கறவங்க யாராவது பழைய வீடு வச்சிருந்தா தயவுசெஞ்சு கேளுங்க. கடலோரச் சுவர்ல தரையிலேர்ந்து ஓதம், அதான் ஈரம், ஏறத்தான் செய்யும், கூடவே உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சுன்னா ஈரம் வெளிய போயிடும். சிமெண்ட் அதை அடைச்சுடும். ஈரம் உள்ளயே நின்னு, உப்பு பூத்து, செங்கல்லை மாவாக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பை நல்லா ஊற வையுங்க, அவசரப்படாதீங்க. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணியில குழைங்க. பூசினப்புறம் சுவர் சட்டுனு காயக்கூடாது, ஈரச் சாக்கு தொங்க விடுங்க. மேல பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சா இவ்வளவும் வீண், சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்கணும். ஓடு மாத்தறப்போ கீழ தாங்கற மரவாரை செல்லரிச்சிருக்கான்னு தட்டிப் பாருங்க, சத்தத்துலயே தெரியும். சந்தேகம் இருந்தா தரங்கம்பாடி கோல்ட்ஸ்மித் தெருவுல சுனாமிக்கு அப்புறம் இன்டாக்னு பழைய கட்டடங்களைக் காப்பாத்தற அமைப்பு சீர் பண்ணின வீடுகளைப் போய்ப் பாருங்க.

பாம்பன்காரன்
யாரும் கேக்காமலே பாடம் எடுக்கறீங்க கரண்டி. எங்க பக்கம் பவளக்கல்லையே சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தாங்க. வீடும் அதே கல்லுதான். தனுஷ்கோடியில 1964 புயலுக்கு மிஞ்சி நிக்குதே மாதா கோயில் சுவர், அதே கல்லு. 2001-ல பவளத்தை வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில சேத்தாங்க, கடல்லேர்ந்து எடுக்கவே கூடாது, சரியான காரியம்தான். ஆனா சுவர்ல ஒரு கல் விழுந்தா அதே கல்லுக்கு எங்க போறது?

எங்க அடுப்படிச் சுவர்ல பூச்சு உதிர்ந்த இடத்துல கல்லு தெரியும், பொடிப் பொடியா நட்சத்திரம் நட்சத்திரமா. என் பொண்ணு அதுமேல நோட்டுத்தாளை வச்சுப் பென்சிலால தேய்ச்சா. கடல் தாள்ல ஏறுது. "அப்பா, இது செத்துப்போனதா?"ன்னு கேட்டா. மீன் கழுவிக்கிட்டிருந்தேன், பதில் சொல்லல.

தரங்கம்பாடியான்
கரண்டி சொன்னதுக்கு ராத்திரியே அம்மாவுக்குப் போன் போட்டேன். சிரிச்சுட்டாங்க. நம்ம வீட்ல மாடே கிடையாதாம், மோர் எதிர்வீட்டுலேர்ந்து வருமாம். அந்தத் தூண்ல கட்டிக் கிடந்தது ஒரு கிடா ஆடு. இழுத்து இழுத்துத் தேய்ச்சிருக்கு. அப்பாயி கயிறுன்னு எனக்கு யாரு சொன்னாங்கன்னே தெரியல.

அடுத்த தடவை பாண்டி போனா அந்தத் தூணுல குனிஞ்சு பாக்கணும், கீழ இன்னொரு தடம் இருக்கான்னு.