ஆஷ்லி ஜான்சன் மாதிரி கோல் காக்க எங்கிருந்து தொடங்குவது?

செங்காங் அம்மா:
மகள் உயர்நிலை 1. சிசிஏ (பள்ளியின் இணைப்பாட நடவடிக்கை) வாட்டர் போலோ, நீரில் மிதந்தபடி ஆடும் பந்தாட்டம். கோல்கீப்பராக நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆஷ்லி ஜான்சன் காணொளிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கை நீளமில்லையே என்று இப்போதே கவலை. ஜான்சனிடமிருந்து 13 வயதுப் பிள்ளை எதை எடுத்துக்கொள்ளலாம்? யாராவது சொல்லுங்களேன்.

நீல்தொப்பி:
முதலில் அவர் வந்த வழி. 1994இல் பிறந்தவர், மயாமிக்காரர். அமெரிக்காவில் இந்த விளையாட்டின் கோட்டை கலிஃபோர்னியா. அங்குள்ள ஸ்டான்ஃபர்ட், யுசிஎல்ஏ பல்கலைக்கழகங்களுக்குத்தான் பெரும்பாலோர் போவார்கள். இவர் போனது கிழக்குக் கரையிலுள்ள பிரின்ஸ்டனுக்கு. 2016 ரியோவில், அமெரிக்க ஒலிம்பிக் வாட்டர் போலோ மகளிர் அணியின் முதல் கறுப்பின வீராங்கனை. இறுதியாட்டத்தில் இத்தாலியை 12-5, தோக்கியோவில் ஸ்பெயினை 14-5. ஒவ்வோர் இறுதியிலும் அணி உள்ளே விட்டது ஐந்தே கோல்! பாரிசில் நான்காம் இடம்; வெண்கலம் நெதர்லாந்திடம் 10-11 என்று நழுவியது.

ஆறு மீட்டர்:
உயரமும் கை நீளமும் அவருக்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் காணொளியில் கையைப் பார்க்காமல் இடுப்பைப் பாருங்கள். பந்து கைமாறும்போதும் அவர் உடம்பு மேலும் கீழும் ஆடாது. அதற்குக் காரணம் எக்பீட்டர் உதை: முட்டி அகன்று, இடுப்பு சற்றுப் பின்னே, இரண்டு காலும் மாறி மாறி வட்டமிடும். புதிதாக வருபவர்கள் தவளை நீச்சல்போல் இரு காலையும் சேர்த்து உதைப்பார்கள். உடம்பு எழும், உடனே அமிழும். அமிழும் நொடியில்தான் எதிராளி எறிவார்.

பயிற்சி: 30 வினாடி இரு கையும் நீருக்கு மேலே, 30 வினாடி ஓய்வு, எட்டு முறை. தாடை நீரில் பட்டால் அந்தச் சுற்று கணக்கில் இல்லை. பிறகு, கோலின் 3 மீட்டர் அகலத்தை ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்குப் பக்கவாட்டில் கடக்க வேண்டும். கோட்டின் மேலேயே ஒட்டி நிற்காமல், சற்று முன்னே வில் வளைவாக நகர்ந்தால் எதிராளிக்கு எறியும் கோணம் குறையும். கை நீளமில்லாதவர்களுக்கு இதுதான் பெரிய உதவி. கால் தரையில் எட்டும் குளத்தில் செய்தால் பலன் இல்லை.

செங்காங் அம்மா:
நன்றி. முட்டியின் உள்பக்கம் வலிக்கிறது என்கிறாளே?

ஆறு மீட்டர்:
இடுப்பு திறக்காமல் முட்டியை மட்டும் திருகினால் அப்படித்தான் வரும். உதைப்பதை இரண்டு நாள் நிறுத்தி, தரையில் இடுப்புக்கான நீட்சிப் பயிற்சி செய்யட்டும். வலி தொடர்ந்தால் பிசியோவிடம் காட்டுங்கள்.

நீல்தொப்பி:
இன்னொன்று, பந்து. பெண்களுக்கு 4ஆம் எண் அளவு. ஆண்களின் 5ஆம் எண்ணில் பழகினால் கைப்பிடி கெட்டுவிடும். இரு கையால் பிடிப்பது, மூடிய கையால் குத்துவது எல்லாம் கோலிலிருந்து ஆறு மீட்டருக்குள் மட்டும். அதைத் தாண்டினால் ஒரு கைதான். பெனால்டியில் கோல் கோட்டை விட்டு முன்னே வரக்கூடாது. பள்ளி ஆட்டங்களில் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான்.