'மாம்பலம் வீடு' குழுவில் ஞாயிறு இரவு

கார்த்திக்: பெரியப்பா, நேற்று உங்கள் வீட்டில் பார்த்த 'உதிரிப்பூக்கள்' இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. இயக்குநர் யார் என்று தேடினால், 'தெறி'யில் விஜய்க்கு வில்லனாக வந்த தாத்தா!

பெரியப்பா: அவரேதான். மகேந்திரன். உனக்கு முகம் தெரிந்து பேர் தெரியவில்லை. எங்களுக்கு அந்தக் காலத்தில் பேர் மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது.

சித்தி: பேரைப் பார்த்தே டிக்கெட் எடுப்போம் 🙏

கார்த்திக்: படத்தின் நாயகன் அவ்வளவு கொடுமை செய்தவன். ஆனால் கடைசியில் ஊரே ஆற்றங்கரையில் சூழ்ந்து நிற்கும்போது அவனைப் பார்த்துப் பாவமாக இருந்தது. அது ஏன்?

பெரியப்பா: கொஞ்சம் பொறு, பெரிதாக எழுத வேண்டும்.

அம்மா: அதற்குள் நான் ஒன்று சொல்கிறேன். படத்துக்கு மூலம் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. படித்திருக்கிறேன். படம் அதன் வழியில் போகவே இல்லை. தாயில்லாப் பிள்ளைகள் என்ற ஒரு பொறியை எடுத்துக்கொண்டு தன் கதையைச் சொல்லிவிட்டார்.

அத்தை: அந்த 'அழகிய கண்ணே' பாட்டு! கார்த்திக், உனக்குக் காது குத்திய அன்று ராத்திரி முழுக்க அழுதாய். அதைப் பாடித்தான் தூங்க வைத்தேன். ஜானகி அம்மா குரலில் கேட்டால் இப்போதும் தொண்டை அடைக்கும்.

பெரியப்பா: கார்த்திக், அந்த மனிதர் வசனம் எழுதித்தான் பேர் வாங்கினார். 'தங்கப்பதக்கம்' அவர் எழுதியது. சிவாஜி பேசப் பேசத் தியேட்டர் அதிரும். அதற்கும் முன்னால், காரைக்குடியில் கல்லூரி மாணவராக இருந்தபோது, எம்.ஜி.ஆரை மேடையில் வைத்துக்கொண்டே தமிழ் சினிமாவை விமர்சித்துப் பேசியவர். எம்.ஜி.ஆர் கோபப்படவில்லை. பிற்பாடு 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுதச் சொன்னார். இப்படிப் பேச்சாலும் எழுத்தாலும் மேலே வந்தவர், 1978ல் 'முள்ளும் மலரும்' இயக்க வந்ததும் வசனத்தை ஓரமாக வைத்துவிட்டார். கையில் இருந்த பெரிய பலத்தை வேண்டாம் என்று வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

மாமா: படத்தைப் போட்டுப் பார்த்த தயாரிப்பாளர், வசனமே இல்லையே என்று கலங்கிப் போனாராம். 'செந்தாழம் பூவில்' பாட்டை எடுக்கக் கமல்தான் பணம் கொடுத்து உதவினார். ரஜினி படத்துக்குக் கமல்! ஒளிப்பதிவு பாலு மகேந்திரா.

பெரியப்பா: இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். வேறு யாராவது எடுத்திருந்தால் அந்த ஆற்றங்கரையில் ஒரு சண்டை இருந்திருக்கும். இவர் அந்த வேடத்தில் நடித்த விஜயனை நிதானமாகப் பேச விடுகிறார். இத்தனை நாளும் நான் ஒருவன்தான் கெட்டவன், இன்று உங்களையும் அப்படி ஆக்கிவிட்டேன் என்கிறான். அவன் சாகட்டும் என்று நாமும்தானே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்? உனக்கு வந்தது பாவம் மட்டும் இல்லை, அந்தக் கூட்டத்தில் நீயும் நின்றிருக்கிறாய். 1979ல் நானும் உன் தாத்தாவும் மவுண்ட் ரோட்டில் பார்த்தோம். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். மாம்பலம் பஸ் இரண்டு வந்து போனது. இருவரும் ஏறவில்லை.

கார்த்திக்: தாத்தா என்ன சொன்னார்?

பெரியப்பா: அந்தப் பிள்ளைகள் இனி யார் வீட்டில் சாப்பிடும் என்று கேட்டார். அவ்வளவுதான்.

சித்தி: 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'யை யாரும் சொல்லவில்லையே! சுஹாசினிக்கு முதல் படம். அதில் அந்தப் பெண் காலையில் ஓடுவாள், அசோக் குமார் கேமரா பனியோடு பனியாகக் கூடவே வரும். அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. படம் பார்த்த மறுநாள் நான் பனகல் பார்க்கில் பாவாடை தாவணியோடு நாலு சுற்று ஓடினேன். பெண்பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு என்று பாட்டி திட்டினார். ஒரு மாதம் விடவில்லை.

மாமா: அது 1980. அதே வருஷம் 'ஜானி', 'பூட்டாத பூட்டுகள்'. மூன்றும் ஒரே வருஷம்!

கார்த்திக்: மொத்தம் எத்தனை படம் இயக்கினார்?

பெரியப்பா: 12தான். கடைசிப் படம் 'சாசனம்', 2006ல் வந்தது. 2019 ஏப்ரலில் போய்விட்டார். இன்னும் பத்துப் படமாவது அவரை எடுக்க விட்டிருக்க வேண்டும். அந்த ஆதங்கம் எனக்குப் போகவே போகாது.

அம்மா: அவர் எழுதிய 'சினிமாவும் நானும்' உங்கள் அலமாரியில்தானே இருக்கிறது? கார்த்திக்குக் கொடுங்கள்.

பெரியப்பா: கொடுக்கிறேன், அட்டை கிழியாமல் திரும்பி வர வேண்டும். அடுத்த ஞாயிறு 'முள்ளும் மலரும்' போடலாமா? கடைசியில் காளி, தங்கச்சியை இன்ஜினியருக்குக் கட்டிக்கொடுக்கச் சம்மதித்த பிறகும், உன்னை எனக்கு இப்பவும் பிடிக்கவில்லை என்று அவனிடமே சொல்வான். மனுஷன் மாறவில்லை, பாசம் மட்டும் ஜெயிக்கிறது. ரஜினியின் கண்ணைப் பார்.

அத்தை: நான் அடைக்கு அரைத்துக்கொண்டு வருகிறேன். ஆனால் அந்த இடம் வரும்போது யாரும் என்னைச் சமையலறைக்குக் கூப்பிடக் கூடாது.

கார்த்திக்: 6 மணிக்கே வந்துவிடுகிறேன் அத்தை.