கடைவில்லை: ஒரு கலைச்சொல் விவாதம்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் கடைக்காரர்கள் சில்லறைக்குப் பதிலாக வெளியிட்ட உலோக வட்டுகளைத் தமிழில் எப்படி அழைப்பது என்று ஒருவர் கேட்டார். அவர் கேள்விகளும் என் பதில்களும் இவை.

> 'தனியார் நாணயம்' என்றே எழுதலாமே?

பொருந்தாது, ஐயா. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கடைக்காரர்கள் அடித்துவிட்டவற்றை அவர்களே நாணயம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சிலவற்றின் பின்பக்கத்தில் 'ஒன் சென்ட்' என்று கொட்டையெழுத்தில் இருக்கும். கண்ணை இடுக்கிப் பார்த்தால் அதற்கு மேலே பொடியெழுத்தில் 'நாட்' (அல்ல)!

1861 டிசம்பர் இறுதியில் வங்கிகள் தாளுக்குப் பொன் கொடுப்பதை நிறுத்தின. தங்கமும் வெள்ளியும் பதுங்கின; 1862இல் சென்ட்டும் காணாமற்போயிற்று. சில்லறைக்குப் பதில் நம்மூர்க் கடையில் மிட்டாய் நீட்டுவதுபோல, அங்கே சென்ட் அளவிலேயே, ஏறத்தாழ 19 மி.மீ. செப்பு வட்டில் கடைப்பெயரை அடித்து நீட்டினார்கள். ஆகவே 'கடைவில்லை'.

> வில்லை என்றால் லென்ஸ் அல்லவா? கடைப்பெயரே இல்லாதவையும் உண்டே? 'ஈட்டுக்காசு' எப்படி?

கூட்டுச்சொல்லில் லென்ஸ் குழப்பம் வராது. சேவகர் மார்பில் அணியும் வில்லையை யாரும் லென்ஸ் என்று நினைத்ததில்லை.

இரண்டாவது கேள்வி நியாயமானது. கொடி, வாஷிங்டன் தலை, போர் வாசகம் மட்டும் உள்ளவற்றை 'முழக்கவில்லை' எனலாம். ('கொடியை இறக்க முனைபவனை அந்த இடத்திலேயே சுடு' என்னும், அன்றைய கருவூலச் செயலர் டிக்ஸின் வாசகத்தில் 'ஸ்பாட்' என்ற சொல்லுக்கு ஓர் 'ஓ' கூடுதலாக வெட்டிய அச்சும் உண்டு.) படைமுகாமில் சரக்கு விற்றவர்கள் வெளியிட்டது 'பாசறைவில்லை'. மூன்றுக்கும் பொதுப்பெயர் 'சில்லறைவில்லை'.

'ஈட்டுக்காசு' வேண்டாம். ஈடு இருந்தால்தானே! நியூயார்க் மதுக்கடைக்காரர் லிண்டன்மியுல்லர் லட்சக்கணக்கில் விட்டார். டிராம் கம்பெனி தன்னிடம் சேர்ந்த வில்லைகளைக் கொண்டுபோய் மாற்றக் கேட்டபோது கைவிரித்துவிட்டார் என்பார்கள். 1864 ஏப்ரல் 22 சட்டம் தனியார் ஒரு சென்ட், இரண்டு சென்ட் காசுகளைத் தடுத்தது. ஜூன் 8 சட்டம் மீதியையும்.

> பக்கங்களுக்குப் பூ, தலை?

முகமே இல்லாத வில்லையில் எது தலை? 'முன்னச்சு', 'பின்னச்சு' போதும். ஒரே பின்னச்சு பல கடைகளுக்குப் பொதுவாக வரும். இரண்டையும் குறித்தால்தான் வகை பிடிபடும்.

இவ்வில்லைகளை வகைப்படுத்தும் ஃபுல்ட் பட்டியல் எண்ணின் கடைசி எழுத்து உலோகத்தைக் காட்டும்: ஏ செம்பு, பி பித்தளை, டி செப்பு-நிக்கல். அதை அ, ஆ என்று மாற்றினால் ஏலப் பட்டியலோடு ஒத்துப்பார்க்க முடியாது, அப்படியே விடுங்கள். செம்பா பித்தளையா என்ற ஐயத்தில் தேய்த்து மெருகேற்றக் கூடாது. நாள்பட்டுப் படிந்த படலம் போனால் விலையும் போகும். செப்பு-நிக்கலாக இருந்தால் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். அரசு சென்ட்டின் மேலேயே அடித்ததானால் பழைய எழுத்தின் சுவடு அடியில் தெரியலாம். அதற்கு 'மேலச்சு' என்பது என் பரிந்துரை.