இழையின் தலைப்பு: குன்னூர்ல தலை முழுக்க முடி கொட்டுது, மினாக்சிடிலை நிறுத்திடவா?

பனிமூட்டம்: அவசரம். சீப்புல, தலையணையில, டீ டம்ளர்ல கூட முடி. முடி வளரத் தலையில தடவற மினாக்சிடில் 5% போட ஆரம்பிச்சு மூணு வாரம், முன்னைவிட ஜாஸ்தியா கொட்டுது. நிறுத்திடவா?

அருவங்காடு: வயசு? அப்பாவுக்கு வழுக்கையா? நெத்தி ஏறுதா, உச்சி மட்டுமா, பின்மண்டையும் சேர்த்தா? மூணு மாசத்துக்கு முன்னாடி பெரிய காய்ச்சல், ஆபரேஷன், பட்டினி டயட் ஏதாவது?

சிறுவாணி ரசிகன்: தண்ணிதான் நண்பா. கோவையில இருந்தவரைக்கும் எனக்கு ஒரு முடி விழல. மலை ஏறினேன், போச்சு.

ஹேர்பின்14: உப்புத்தண்ணி முடியை ஒடிக்கும், வேரோட பிடுங்காது. இங்க ஓடைத்தண்ணில உப்பு ஏது? விழுந்த முடியோட நுனியைப் பாருங்க. வெள்ளையா கடுகைவிடச் சின்னக் குமிழ் இருந்தா வேரோட வந்தது.

பழந்தின்னவன்: மாசம் ரெண்டு தடவை இதே கேள்வி. பழைய இழையைத் தேடிப் படிக்க யாருக்கும் கை வராது. மினாக்சிடில் ரத்தக்கொதிப்புக்கு வந்த மாத்திரை; சாப்பிட்டவங்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைச்சதைப் பார்த்துதான் தலைக்குக் கொண்டு வந்தாங்க. ஓய்வுல இருக்கிற முடியைத் தள்ளிட்டுத்தான் புதுசு எழும்பும், முதல்ல கொட்டத்தான் செய்யும். நாலு மாசம் போடாம பேசாதீங்க. கூடவே ஃபினாஸ்டெரைடு 1 மில்லிகிராம். 1997லேயே அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச மருந்து.

அருவங்காடு: அண்ணே, அது பரம்பரை வழுக்கைக்கு. இவருக்கு என்னன்னே தெரியல. சிலருக்கு ஆசையே குறைஞ்சுபோற மருந்தை டாக்டர் பார்க்காம எழுதிக் கொடுக்காதீங்க.

பனிமூட்டம்: 31. அப்பாவுக்கு இன்னும் காடு மாதிரி இருக்கு. எனக்குப் பின்மண்டை, காது மேல எல்லாமே மெலிஞ்சுபோச்சு. காய்ச்சல் இல்ல. ஏத்தத்துல மூச்சு வாங்குது, ஆனா குன்னூர்ல யாருக்கு வாங்கல? டீ ஃபேக்டரி வேலை, ஒரு நாளைக்கு ஒன்பது டீ. முடிக்குன்னு பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிடறேன்.

அருவங்காடு: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல! ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு காட்டும்), டிஎஸ்ஹெச் (தைராய்டு டெஸ்ட்), பி12 பாருங்க. டெஸ்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே பயோட்டினை நிறுத்திடுங்க, தைராய்டு ரிசல்ட்டைக் குழப்பிடும். சோறு சாப்பிட்ட கையோட டீ குடிச்சா கீரை, பருப்புல உள்ள இரும்பு உடம்புல ஒட்டாது. ஒரு மணி நேரம் விடுங்க.

கட்டபெட்டு விவசாயி: வந்துட்டாங்கய்யா! பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகிற விலை இல்லாம நாங்க அல்லாடறோம், இங்க டீ குடிச்சா வழுக்கைன்னு பிரசாரம். எங்க தாத்தா தொண்ணூறு வயசு, குடுமி கட்டலாம்.

அருவங்காடு: வழுக்கைன்னு யார் சொன்னா? நேரம் தள்ளிக் குடிங்கன்னேன்.

ஹேர்பின்14: தூள்ல கலர் கலக்கறாங்களே, அதைப் பேசுவோமா?

கட்டபெட்டு விவசாயி: அது இலை போடறவன் தப்பா? கலக்கறவனைக் கேளுங்க.

பழந்தின்னவன்: இழை தடம் மாறிடுச்சு. எதிர்பார்த்ததுதான்.

பனிமூட்டம் (11 நாள் கழிச்சு): ஃபெரிட்டின் 7, ஹீமோகுளோபின் 9.8. ஆம்பளைக்கு இவ்வளவு குறைஞ்சா ரத்தம் எங்கயோ போகுதுன்னார் டாக்டர். மூலம். ரெண்டு வருஷமா ரத்தம் போகுது, வெக்கப்பட்டு வீட்டுல கூட சொல்லல. இரும்பு மாத்திரை ஆரம்பிச்சாச்சு, குடலையும் ஒரு தடவை பார்த்துடலாம்னு கோவைக்கு எழுதிக் கொடுத்திருக்கார். மினாக்சிடில் இப்போதைக்கு வேணாமாம். டீ அஞ்சாயிடுச்சு. நன்றி.

சிறுவாணி ரசிகன்: கோவை போறீங்கல்ல, அந்தத் தண்ணில ஒரு தடவை தலைக்குக் குளிச்சுப் பாருங்க.