ஸ்பென்ட்வாஷ் டைஜஸ்டர்ல வேலை பாத்தவங்க, பக்கத்துல குடியிருந்தவங்க அனுபவத்த இங்க போடுங்க

பவானிக்காரன்:
சுகர் மில்லோட சேந்த டிஸ்டில்லரி ஒண்ணுல ஈடிபில, அதாவது கழிவுத்தண்ணி சுத்தம் பண்ற எடத்துல, ஷிஃப்ட் பாக்கறேனுங்க. ஒரு லிட்டர் ஸ்பிரிட் எடுத்தா 8ல இருந்து 15 லிட்டர் வரைக்கும் ஸ்பென்ட்வாஷ், அதாவது ஸ்பிரிட் வடிச்சப்புறம் மிஞ்சுற கழிவுத்தண்ணி வரும், ஸ்பிரிட் வடிக்கற டவர்ல இருந்து கொதிக்க கொதிக்க இறங்கும், பிஹெச் 4 பக்கம், கருப்பும் பழுப்புமா இருக்கும். ஊரு சாக்கடை தண்ணில பிஓடி (அழுக்க பாக்டீரியா தின்ன வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு) 200, 300 இருக்கும்னா இதுல 40,000, 50,000 இருக்கும், சிஓடி (அதே கணக்க கெமிக்கல் வெச்சு பாக்குறது) லட்சத்த தொடும். இவ்ளோ சரக்க காத்து ஊதியே சுத்தம் பண்ணணும்னா கரண்ட் பில்லுலயே ஆலைய மூடணும், அதனாலதான் மொதல்ல காத்து போகாத டைஜஸ்டர்ல விடறோம், பிஓடில 80, 90 சதவீதம் அங்கயே போயிரும், வர்ற கேஸ்ல பாதிக்கு மேல மீத்தேன், அது அப்படியே பாய்லருக்கு.

ஒரு சீசன்ல நடந்தத சொல்றேன். க்ரஷிங் ஃபுல்லா ஓடுது, கழிவுத்தண்ணி தேக்கற லகூன் ரொம்புது, மேல இருந்து ஃபீட (டைஜஸ்டருக்குள்ள விடற அளவ) ஏத்துங்கன்னு ஆர்டர். படிப்படியா ஏத்தலாம், உள்ள இருக்கற பூச்சி (பாக்டீரியா) தாங்காதுன்னு எங்க ஷிஃப்ட்ல எல்லாரும் சொன்னோம், கேக்கல. ஏத்துன கொஞ்ச நாள்லயே கேஸ் ஹோல்டர் எறங்க ஆரம்பிச்சுது, பாய்லர்ல தீ சோம்பேறியா எரியுது, ஓவர்ஃப்ளோ வாய்க்கால்ல நுரை பொங்குது, வழக்கமான நாத்தம் போயி ஊசுன வெண்ணெ மாதிரி ஒரு புளிச்ச நாத்தம். அப்பவும் பிஹெச் மீட்டர் 7ன்னுதான் காட்டுச்சு! அத காட்டியே "எல்லாம் சரியாத்தான இருக்கு"ன்னாங்க. பிஹெச் விழுந்தப்ப டைஜஸ்டர் செத்த மாதிரிதான். ஃபீட சுத்தமா நிறுத்தி, சுண்ணாம்பு போட்டு, உள்ள இருக்கறதையே சுத்த விட்டு, வேற ஆலைல இருந்து டேங்கர்ல ஸ்லட்ஜ் (பூச்சி உசுரோட இருக்கற சேறு) கொண்டாந்து ஊத்தி, சாணியும் கரைச்சு விட்டு, வாரக்கணக்குல ஆச்சுங்க பழைய நெலமைக்கு வர.

லேப்_தேன்மொழி:
அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு. உள்ள ரெண்டு கூட்டம் இருக்கு, ஒண்ணு சர்க்கரைய ஆசிடா மாத்துறது, அது சில மணி நேரத்துலயே ரெண்டு மடங்காகும், இன்னொண்ணு அந்த ஆசிட சாப்ட்டு மீத்தேன் விடுறது, அதுக்கு நாள் கணக்குல வேணும். ஃபீட் கூடுனா முன்னாடி இருக்கறவன் ஓடிருவான் பின்னாடி இருக்கறவன் நின்னுருவான், நடுவுல ஆசிட் தேங்கும். அல்கலினிட்டி (தண்ணில இருக்கற காரத்தன்மை) இருக்கற வரைக்கும் அது அந்த ஆசிட முழுங்கிக்கும், அதனாலதான் பிஹெச் அசையாது. நாங்க தெனம் பாக்குறது விஎஃப்ஏ பை அல்கலினிட்டி, அதாவது தேங்குன ஆசிட அல்கலினிட்டியால வகுத்தா வர்ற எண். 0.3க்கு கீழ இருந்தா நிம்மதி, 0.5 பக்கம் போனா உடனே ஃபீட குறைக்க சொல்லி ரிஜிஸ்டர்ல எழுதி கையெழுத்து வாங்கிருவேன், வாய்ல சொன்னா நிக்காது.

புதுசா சேர்ற பசங்களுக்கு ஒண்ணு, இந்த சாம்பிள்ல இண்டிகேட்டர் (கலர் மாறி காட்டுற மருந்து) போட்டு டைட்ரேஷன் (ஆசிட் சொட்டு சொட்டா விட்டு அளக்கறது) பண்ணாதீங்க, தண்ணியே அவ்ளோ கருப்பா இருக்கும்போது கலர் மாறுறது எப்படி தெரியும்? சென்ட்ரிஃப்யூஜ்ல போட்டு தெளிஞ்சத எடுத்து பிஹெச் மீட்டர் வெச்சு எண்ட்பாயிண்ட் பாருங்க.

பைப்லைன்_சேகர்:
நான் மெயின்டனன்ஸ். ஸ்பென்ட்வாஷ்ல சல்ஃபேட் ஜாஸ்தி, அது உள்ள போயி ஹைட்ரஜன் சல்ஃபைடா மாறும், அதுதான் அழுகுன முட்டை நாத்தம். எல்லாரும் நாத்தத்துக்கு பயப்படுவாங்க, நான் சொல்றேன் நாத்தம் திடீர்னு நின்னா அதுக்குதான் பயப்படணும். 100 பிபிஎம் தாண்டுனா மூக்கு மரத்துப்போகும், கேஸ் போயிருச்சுன்னு நெனச்சு குழிக்குள்ள எறங்குனவன் அப்படியே விழுவான், தூக்க எறங்குறவனும் விழுவான். கேஸ் மீட்டர் இல்லாம எறங்க சொன்னா யார் சொன்னாலும் எறங்காதீங்க, வேலை போனாலும் பரவால்ல. சாக்கு சொல்லி கான்ட்ராக்ட் ஆளுங்கள எறக்குறத நானே நேர்ல பாத்து நிறுத்திருக்கேன்.

கரும்புக்காடு:
நான் ஆலைக்காரன் இல்ல, ஆலைக்கு பக்கத்து விவசாயி. எங்கப்பா காலத்துல பொட்டாஷ் இருக்கு, சும்மாவே கெடைக்குதுன்னு லாரில கொண்டாந்து பச்சையா வயல்ல விட்டாங்க. மொத நாத்து கருகிருச்சு, அப்புறம் கெணத்து தண்ணி டீ கலர்ல வந்துச்சு, மாடு மோந்து பாத்துட்டு ஒதுங்கிரும். இப்ப டைஜஸ்டர்ல இருந்து வர்றத பிரஸ்மட் (கரும்புச்சாறு வடிகட்டுனா மிஞ்சுற சக்கை மண்ணு) குவியல்ல தெளிச்சு மெஷின் விட்டு புரட்டி 45, 60 நாள்ல உரமா குடுக்கறாங்க, அது நெசமாவே நல்லா இருக்கு, மண்ணு பொலபொலன்னு ஆகுது. ஆனா மழைக்காலத்துல குவியல்ல இருந்து கருப்பு தண்ணி வாய்க்கால்ல எறங்கிடுதே, அதுக்கு என்ன பண்றீங்க? 2018 மே மாசம் பஞ்சாப் பியாஸ் ஆத்துல சுகர் மில்லு மொலாசஸ் (சர்க்கரை எடுத்தப்புறம் மிஞ்சுற பாகு) கலந்து மீனுங்க கொத்து கொத்தா மெதந்துச்சே, அத டிவில பாத்ததுல இருந்து மழை இருட்டுனா நான் வாய்க்கால போயி பாத்துட்டு வருவேன்.

லேப்_தேன்மொழி:
ஐயா அந்த மீனுங்க செத்தது ஆக்சிஜன் இல்லாம. சர்க்கரை கெடச்சதும் ஆத்துல இருக்குற பாக்டீரியா பெருகி தண்ணில கரைஞ்சிருக்கற ஆக்சிஜன எல்லாம் உறிஞ்சிரும். உங்க பயம் நியாயம். மழைல கம்போஸ்ட் பண்ண முடியாதுன்னுதான் அந்த முறைய நம்பி இருக்கற டிஸ்டில்லரி வருஷத்துக்கு 270 நாள்தான் ஓடணும்னு வெச்சிருக்காங்க. யார்டுக்கு அடில தளம் போட்டுருக்கணும், ஒழுகுறத பிடிச்சு திருப்பி அனுப்ப குழி இருக்கணும். இல்லன்னா போட்டோ எடுத்து பொல்யூஷன் போர்டுக்கு எழுதுங்க, தயங்காதீங்க.

எம்டெக்_பொண்ணு:
அண்ணா, டைஜஸ்டர் தாண்டி ஏரேஷனும் பண்ணியும் கலர் ஏன் போகல? புராஜெக்ட்டுக்கு கேக்குறேன்.

பவானிக்காரன்:
அது மெலனாய்டின் பாப்பா. சர்க்கரையும் அமினோ ஆசிடும் சூட்டுல சேந்து உருவாகறது, சாதாரண பாக்டீரியாவால அத லேசுல கடிக்க முடியாது. ஒயிட் ராட் பூஞ்சை (மரத்த மக்க வைக்கற பூஞ்சை) வெச்சு லேப்ல கலர குறைக்கறாங்க, ஆனா அதுக்கு தனியா சர்க்கரை குடுக்கணும், தண்ணி கலக்கணும், தெனம் லட்சக்கணக்கான லிட்டர் வர்ற எடத்துல கட்டுப்படி ஆகாது. அதனாலதான் பல எடத்துல ஆவியாக்கி கெட்டியாக்கி பாய்லர்ல எரிச்சு, சாம்பல பொட்டாஷ் உரமா விக்கறாங்க. வெளிய ஒரு சொட்டு போகாது, அது நல்லதுதான், ஆனா டைஜஸ்டரே வேண்டாம்னு நேரா எரிக்கறதுல எனக்கு சம்மதமில்ல, அவ்ளோ மீத்தேன சும்மா விடலாமா? நீ பூஞ்சை எடுத்தாலும் சாம்பிள டைஜஸ்டருக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு எடுத்துக்க, ரெண்டும் வேற வேற மாதிரி வரும்.

தானியத்துல ஸ்பிரிட் எடுக்கற ஆலைல யாராச்சும் இருக்கீங்களா? அங்க வர்ற தின் ஸ்லாப் (தானியச் சக்கைய பிரிச்சப்புறம் மிஞ்சுற கழிவுத்தண்ணி) எங்களுது மாதிரி கெடையாதுன்னு கேள்விப்பட்டேன், டைஜஸ்டருக்கு எப்படி ஃபீட் பண்றீங்கன்னு போடுங்க.