அன்றாடப் பயணத்துக்குப் பழைய சொகுசு ஸ்போர்ட் செடான்: 320டி, சி220டி, ஏ4 – எதை எடுப்பது?

வடவள்ளிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் வடவள்ளியிலிருந்து சரவணம்பட்டிக்கு வாரத்தில் ஐந்து நாளும் வேலைக்குச் சென்று வருகிறேன். போக வர முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஆகிறது. மாதம் ஒருமுறையாவது சேலம், உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்கு நானே ஓட்டிச் செல்வேன். ஒன்பது ஆண்டுகளாக ஒரு சிறிய டீசல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். அது ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை. ஆனாலும், ஓட்டுவதே மகிழ்ச்சியாக இருக்கும் ஒரு வண்டியை, ஞாயிற்றுக்கிழமைக்கென்று உறை போட்டு மூடி வைக்காமல், தினமும் ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. புதிதாக வாங்கும் வசதி எனக்கில்லை. கையில் இருபது லட்சம் ரூபாய் இருக்கிறது. கடன் வாங்க விருப்பமில்லை.

மூன்று வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 2017ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ. 320டி, சென்னைப் பதிவு, இரண்டாவது உரிமையாளர், 68,000 கி.மீ. ஓடியிருப்பதாகக் காட்டுகிறது. இரண்டாவது 2016ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் சி220டி. டெல்லிப் பதிவு, 51,000 கி.மீ., மூன்றில் விலை குறைந்தது இதுதான். மூன்றாவது 2017ஆம் ஆண்டின் ஆடி ஏ4, 1.4 லிட்டர் பெட்ரோல். கோவைப் பதிவு, 39,000 கி.மீ. மூன்றுமே பேரம் பேசினால் என் தொகைக்குள் வந்துவிடும். இவற்றுள் எது அன்றாட ஓட்டத்தைத் தாங்கும், ஆண்டுக்குப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும், வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். வீட்டில் அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. மாதத்தில் சில நாட்கள் மருத்துவமனைக்கு இதிலேதான் அழைத்துச் செல்வேன்.

மேட்டுப்பாளையம் சாலை:

வணக்கம் நண்பரே. உங்களைப் போலவே ஆசைப்பட்டு வாங்கி, ஆறு ஆண்டுகளாகக் கோவைக்குள்ளேயே தினமும் ஓட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நீங்கள் இருபது லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட எண்ணுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அதைச் செய்யாதீர்கள். வண்டியின் விலை எட்டு ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் அதன் பிரேக் டிஸ்க்கோ, முகப்பு விளக்கோ, சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மோ விலையில் அப்படி இறங்குவதில்லை. நாற்பது லட்சத்துக்கு மேல் விற்ற வண்டிக்கு உரிய விலையிலேயே உதிரிபாகங்களை வாங்க வேண்டியிருக்கும். ஆகவே பதினாறு, பதினேழு லட்சத்துக்குள் வண்டியை முடித்துக்கொண்டு, மீதியைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள். முதல் ஆண்டில் அதில் பெரும்பகுதி செலவாகும் வாய்ப்பு அதிகம். முந்தைய உரிமையாளர் விற்கும் எண்ணத்தில் தள்ளிப்போட்ட வேலைகள் எல்லாம் வாங்கியவர் தலையில்தான் வந்து விழும்.

320டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். எஃப்30 என்ற உள்பெயர் கொண்ட இந்தத் தலைமுறை இந்தியாவுக்கு 2012இல் வந்தது. நம் செங்கல்பட்டுக்கு அருகே, மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007இல் தொடங்கிய ஆலையில்தான் இது பாகங்களை இணைத்து உருவாக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் என்47 என்ற டீசல் எஞ்சின் இருந்தது; 184 குதிரைத்திறன். எஞ்சினின் உள்பாகங்களை ஒரே தாளத்தில் சுழல வைக்கும் அதன் டைமிங் செயின் எஞ்சினின் முன்பக்கம் இல்லாமல் கியர்பாக்ஸ் பக்கமாக அமைந்திருக்கும். அந்தக் குடும்பத்து எஞ்சின்களில், குறிப்பாக 2007 முதல் 2011 வரை செய்யப்பட்டவற்றில், செயின் தேய்ந்து அறுந்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. அதைச் சரிசெய்ய எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கீழே இறக்க வேண்டும் என்பதால் செலவு பெரிது. 2016இல் செய்த மாற்றத்தோடு பி47 எஞ்சின் வந்தது; 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர். இதிலும் செயின் பின்பக்கம்தான், ஆனால் பழைய குறை பெரிதும் தீர்ந்துவிட்டது. நீங்கள் பார்த்திருப்பது 2017 என்பதால் இந்தப் புது எஞ்சினாகத்தான் இருக்க வேண்டும், ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்த இரண்டு டீசல் எஞ்சின்களிலும் இ.ஜி.ஆர். கூலர் என்ற பாகம் உண்டு; எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பப்படும் புகையைக் குளிர்விப்பது அது. அதிலிருந்து கசியும் குளிர்விப்பு நீர் புகைக்கரியோடு சேர்ந்து தீப்பிடிக்க வழியுண்டு என்பதற்காக 2018இல் தென்கொரியாவிலும் ஐரோப்பாவிலும் பெரிய அளவில் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. உங்கள் வண்டியின் 17 இலக்க சேசிஸ் எண்ணை அதிகாரப்பூர்வ சர்வீஸ் நிலையத்தில் கொடுத்து, அதன்மேல் செய்யப்படாத திரும்பழைப்புப் பணி ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்று கேளுங்கள். அப்போதே சர்வீஸ் வரலாற்றையும், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் பதிவானது என்பதையும் கேட்டுவிடுங்கள். இந்த நிறுவனத்தின் சாவியிலேயே ஓடிய தூரம் பதிவாகும். சர்வீஸ் நிலையத்தில் அதைப் படித்துச் சொல்வார்கள். மீட்டரைத் திருப்புகிறவர்கள் முன்னால் தெரியும் எண்ணை மாற்றிவிட்டு, சாவியையும் மற்ற மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். இரண்டு சாவிகளும் இருக்கின்றனவா என்பதும் முக்கியம்.

கியர்பாக்ஸ் இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு வேகத் தானியங்கி. என் கருத்தில் அந்த வண்டியின் மிகச் சிறந்த பாகம் அதுதான். வாழ்நாள் முழுவதும் அதன் ஆயிலை மாற்ற வேண்டியதில்லை என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். அதைச் செய்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு ஆண்டுகளில் மாற்றும்படி பரிந்துரைக்கிறது. அதன் அடித்தட்டும் வடிகட்டியும் ஒரே பிளாஸ்டிக் துண்டு என்பதால் முழுதாக மாற்ற வேண்டும். இந்தச் செலவை வாங்கும் விலையிலேயே கழித்துப் பேசுங்கள்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும்போது வண்டி ஏற்கெனவே சூடாக இருந்தால் மறுநாள் காலை திரும்பப் போங்கள். முதல் ஐந்து வினாடிச் சத்தம் சொல்லும் உண்மையை அரைமணி நேரச் சோதனை ஓட்டம் சொல்லாது. பிறகு, வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பாருங்கள். எல்லாப் பிழைக்குறிகளும் அன்றைக்குத்தான் அழிக்கப்பட்டிருந்தால் அதுவே ஓர் எச்சரிக்கை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். தடம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரை நம்பி நெடுஞ்சாலையில் ஓட்டக்கூடாது.

டயர் என்றவுடன் சொந்த அனுபவம் ஒன்று. ரன்ஃபிளாட் டயர் காற்று முழுதாக இறங்கிய பிறகும் எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் ஓடும் என்பது கணக்கு. ஒருமுறை ஆத்தூர் தாண்டி இரவு பத்து மணிக்கு ஒரு குழியில் இறங்கி டயரின் பக்கவாட்டே கிழிந்துவிட்டது. கிழிந்த டயருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மாற்று டயர் பின்னால் இல்லை. அந்த அளவு டயர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கும் இல்லை. சேலத்திலிருந்து வரவழைக்க ஒன்றரை நாள் ஆனது. அதற்குப் பிறகு சாதாரண டயருக்கு மாறி, டிக்கியில் ஒல்லியான மாற்று டயர் ஒன்றை வைத்துக்கொண்டேன். டிக்கியில் இடம் குறைந்தது உண்மைதான், ஆனால் வேகத்தடைகளில் வந்த அதிர்வு பாதியாகக் குறைந்துவிட்டது. நீங்கள் மாதந்தோறும் அதே சாலையில் போகிறவர் என்பதால் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஆவணப்பெட்டி:

மேலே எழுதியவர் எஞ்சினைப் பார்த்துவிட்டார். நான் காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

டெல்லிப் பதிவு வண்டி ஏன் மலிவாக இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தலைநகர் வட்டாரத்தில் பத்தாண்டு தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டதிலிருந்தே, அந்த வயதை நெருங்கும் வண்டிகளை அங்குள்ளவர்கள் வெளிமாநிலங்களுக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். வாங்கினால் அங்கிருந்து படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று பெற வேண்டும். பிறகு தமிழ்நாட்டில் சாலை வரியைப் புதிதாகச் செலுத்தி மறுபதிவு செய்ய வேண்டும். டெல்லியில் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது தனி அலைச்சல். இவற்றைக் கூட்டினால் விலை வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே அந்த சி220டியை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன்.

உள்ளூர் வண்டியானாலும் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்தை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்ததென்று வங்கி தரும் படிவம் 35 கையில் வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். காப்பீட்டைப் பதினான்கு நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக விற்பவருக்குக் கிடைத்த காப்பீட்டுத் தள்ளுபடி (நோ கிளெயிம் போனஸ்) உங்களுக்கு வராது; உங்கள் பழைய வண்டியில் சேர்ந்திருப்பதை நீங்கள் இதற்குக் கொண்டுவரலாம். தேங்கிய நீரை உறிஞ்சி எஞ்சின் கெட்டால் சாதாரணக் காப்பீடு பொதுவாகக் கொடுக்காது என்பதால் எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவைத் தனியே கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: சென்னைப் பதிவு வண்டி என்றால் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, அது எங்கே நின்றது என்று கேட்காமல் வாங்காதீர்கள். தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கையின் அடித்தண்டவாளத்தையும் டிக்கியின் அடிப்பள்ளத்தையும் விளக்குப் பிடித்துப் பாருங்கள். இருக்கைப் பட்டையை முழுதாக வெளியே இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக்கறை தெரியும். அதைக் கழுவ யாரும் நினைப்பதில்லை.

பின்னிருக்கைப் பயணி:

உங்கள் கேள்வியின் கடைசி வரிக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. அம்மாவை ஒருமுறை இந்த மூன்று வண்டிகளிலும் ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தீர்களா? மூன்றுமே தாழ்வான வண்டிகள். மூட்டுவலி உள்ளவர்கள் உள்ளே அமர்ந்துவிடுவார்கள். எழுந்து வருவதில்தான் துன்பம். பின்சக்கர இயக்கம் கொண்ட 320டியிலும் சி கிளாஸிலும் தரையின் நடுவில் உயர்ந்த மேடு இருப்பதால் பின்னால் நகர்ந்து உட்காரவும் முடியாது. என் தாயாருக்காக நான் முன்னிருக்கையை முடிந்த அளவு உயர்த்தி, பின்னால் தள்ளி வைத்துவிடுகிறேன். அது ஓரளவு உதவுகிறது.

ஏ4 பற்றியும் ஒரு சொல். அந்த 1.4 லிட்டர் எஞ்சினில் 150 குதிரைத்திறன்தான், முன்சக்கர இயக்கம். அமைதியும் உட்புற வேலைப்பாடும் மிக நன்று, நகரத்துக்கு அது போதும். ஆனால் ஓட்டுவதே மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். 320டியை ஓட்டிப் பார்த்த பிறகு இது உங்களுக்கு நிறைவளிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெயர்ப்பலகை முக்கியமில்லை என்றால், 2017இல் ஐந்நூறு மட்டுமே இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230 கிடைக்கிறதா என்று தேடுங்கள். 230 குதிரைத்திறன், பெரிய டிக்கி, பின்னிருக்கையில் தாராளமான இடம். நல்ல நிலையில் உள்ளதை விற்க மனம் வருகிறவர்கள் குறைவு என்பதுதான் சிக்கல்.

வடவள்ளிக்காரன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சென்ற வாரம் சென்னைக்குப் போய் 320டியைப் பார்த்தேன். குளிர்ந்த எஞ்சின் ஒரே சீராகத் தொடங்கியது. சாவியில் இருந்த தூரமும் மீட்டரும் ஒத்துப்போயின. ஆனால் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தண்டவாளத்தின் திருகுகள் துருப்பிடித்திருந்தன; பின்னிருக்கைப் பட்டையை இழுத்தபோது கடைசி ஒரு சாண் அளவு பழுப்பாக வந்தது. விற்பவரிடம் கேட்டேன். கழுவும்போது நீர் புகுந்திருக்கலாம் என்றார். நான் திரும்பிவிட்டேன். ஓட்டிய இருபது நிமிடத்தில் மனம் அதில் ஒட்டிக்கொண்டதால், திரும்பி வரும் வழியெல்லாம் வருத்தமாகத்தான் இருந்தது.

இப்போது ஈரோட்டில் ஒரு மருத்துவரின் 2017 320டி விற்பனைக்கு வந்திருக்கிறது. ஒரே உரிமையாளர், 94,000 கி.மீ. ஓடியிருக்கிறது. எல்லா சர்வீஸ் ரசீதுகளும் இருக்கின்றன. கியர்பாக்ஸ் ஆயில் மட்டும் மாற்றவில்லை. கிலோமீட்டர் கூடுதல் என்பதால் தயங்குகிறேன்.

மேட்டுப்பாளையம் சாலை:

அந்த 94,000 கி.மீ.யைக் கண்டு தயங்க வேண்டாம். பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடி, ரசீதோடு நிற்கும் வண்டி, எங்கே நின்றதென்று தெரியாத 68,000 கி.மீ. வண்டியைவிட மேலானது. கியர்பாக்ஸ் ஆயில், முன்பக்க கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ்கள், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், குளிர்விப்பு நீர்க் குழாய்கள் இவற்றுக்கு மட்டும் விலையில் குறைத்துக் கேளுங்கள். இந்த வயதில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் நம் வெயிலில் இறுகிப்போயிருக்கும். ஞாயிறு காலை நான் ஓய்வாகத்தான் இருப்பேன். விரும்பினால் ஸ்கேனருடன் ஈரோட்டுக்கு உடன் வருகிறேன். அம்மாவையும் அழைத்து வாருங்கள். ஏறி இறங்கிப் பார்த்துவிடட்டும்.