கடலில்லா நாட்டின் சிப்பிகளும் நத்தைகளும்: சுவிஸ் அனுபவங்கள்

செங்காளன் மாநிலத்திலிருந்து

யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் பிறந்த எனக்கு, ஓட்டுக்குள் வாழும் உயிர் என்றால் அது கடலுக்கு உரியது. மட்டி, சிப்பி, ஊரி, சோகி, சங்கு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லித் தந்தவர் எங்கள் அப்பாச்சி. நான்கு திசையிலும் பிற நாடுகள் சூழ்ந்த சுவிசுக்கு வந்து சேர்ந்தபோது, அந்தச் சொற்களுக்கு இனி வேலை இருக்காது என்றே எண்ணியிருந்தேன். அது பிழை என்பதை 2019ஆம் ஆண்டுக் கோடையில் என் வலது குதிக்கால் உணர்த்தியது.

ரோர்ஷாக் நகருக்கு அருகே பொடென்சே ஏரியில் பிள்ளைகளோடு இறங்கி, இடுப்பளவு நீரில் ஒரு கல்லின் மேல் கால் வைத்தேன். கண்ணாடித் துண்டை மிதித்தது போல் இருந்தது. இரத்தத்தைத் துடைத்துவிட்டு அந்தக் கல்லையே கரைக்குத் தூக்கி வந்து பார்த்தால், கல் எது என்று தெரியாத அளவுக்கு, விரல் நகத்தை விடச் சற்றுப் பெரிய சிப்பிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. ஒன்றைப் பிடுங்கினால், அதன் அடியிலிருந்து புறப்பட்ட மெல்லிய பழுப்பு நார்கள் அடுத்த சிப்பியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தன. ஊரில் துறைமுகத் தூண்களில் பார்த்த அதே பிடிவாதம், ஆனால் இங்கே நன்னீரில்.

அந்த ஏரியில் பல ஆண்டுகள் வலை போட்டு ஓய்ந்த அயல்வீட்டுப் பெரியவரிடம் ஒரு பிடி சிப்பியைக் காட்டினேன். அவர் இரண்டைத் தெரிந்தெடுத்துச் சமையலறை மேசையில் வைத்தார். ஒன்று தட்டையான அடியில் நிமிர்ந்து குந்தியது. மற்றது எப்படி வைத்தாலும் உருண்டு சரிந்தது. குந்தியது வரிக்குதிரைச் சிப்பி, 1960களில் இந்த ஏரிக்கு வந்தது. சரிந்தது குவாக்கா சிப்பி. கருங்கடலில் கலக்கும் ஆறுகளின் முகத்துவாரங்களைத் தாயகமாகக் கொண்ட அது, 2014இல் பாசல் அருகே ரைன் ஆற்றிலும், 2015இல் ஜெனிவா ஏரியிலும், 2016இல் பொடென்சேயிலும் கண்டறியப்பட்டது. குவாக்கா என்பது தென்னாப்பிரிக்காவில் முற்றாக அழிந்துபோன ஒரு வரிக்குதிரையின் பெயர். அழிந்ததன் பெயரைச் சூட்டிக்கொண்ட இது மட்டும் அழிவதாகத் தெரியவில்லை.

முன்னதை விடப் பின்னது ஏன் மோசம் என்று கேட்டபோது அவர் சொன்னதைப் பின்னர் நானும் படித்து உறுதிப்படுத்திக்கொண்டேன். வரிக்குதிரைச் சிப்பிக்கு வெதுவெதுப்பான நீரும் பற்றிக்கொள்ளக் கடினமான பரப்பும் வேண்டும். குவாக்காவோ குளிர்ந்த நீரிலும் ஆண்டு முழுவதும் இனம்பெருக்கி, சேற்றுத் தரையிலும் பரவி, 200 மீட்டருக்கும் கீழான ஆழத்திலும் வாழக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத அதன் குஞ்சுகள் நீரில் மிதந்து திரிவதால், குடிநீருக்கும் கட்டடங்களைக் குளிர்விப்பதற்கும் ஏரி நீரை இழுக்கும் குழாய்களுக்குள் புகுந்து, அங்கேயே ஒட்டி வளர்ந்து வழியை அடைத்துவிடுகின்றன. நுண்பாசியை வடிகட்டி உண்பதால் ஏரி தெளிந்து அழகாகத் தெரிகிறது; அந்தத் தெளிவு மீனின் பட்டினி.

ஆனால் எல்லாப் பழியையும் சிப்பியின் தலையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பால், நுண்பாசிக்கு உரமாகும் பொசுபரசு ஏரியில் ஏற்கனவே வெகுவாகக் குறைந்திருந்தது. முள்முதுகுச் சிறுமீன் ஒன்றும் ஏரி நடுவே பெருகி, இந்த ஏரி மீனவர்கள் முக்கியமாகப் பிடித்து வந்த ஃபெல்ஷன் மீனின் உணவையும் குஞ்சுகளையும் தின்று வந்தது. இவை எல்லாம் சேர்ந்துதான் 2024இன் தொடக்கத்திலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு ஃபெல்ஷன் பிடிக்கத் தடை விதிக்கும் நிலை வந்தது. மாறாக, குளிர்காலத்தில் வந்திறங்கும் வாத்துகளுக்கு இந்தச் சிப்பிகள் நல்ல விருந்து. எங்கள் பிள்ளைகள் இப்போது இறப்பர்ச் சப்பாத்து அணியாமல் ஏரியில் இறங்குவதில்லை.

பேர்ண் மாநிலத்திலிருந்து

மேலே எழுதிய அண்ணர் நீருக்குள் கண்டதைச் சொன்னார்; நான் என் தோட்டத்தில் கண்டதைச் சொல்கிறேன். நகரசபையிடம் குத்தகைக்கு எடுத்த சிறு துண்டு நிலத்தில் முளைக்கீரை, மிளகாய், பூசணி என்று பயிரிடத் தொடங்கிய முதல் ஆண்டு, மாலையில் இரண்டிலையாக நின்ற கீரை காலையில் வெறும் மண்ணாக இருந்தது. முதலில் அயலவர் மீது சந்தேகம் கொண்டேன் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இரவு பத்து மணிக்கு கைவிளக்கோடு போய்ப் பார்த்தபோதுதான், விரல் நீளமும் செம்பழுப்பு நிறமும் கொண்ட, முதுகில் ஓடே இல்லாத நத்தைகள் பாத்தி முழுவதும் மேய்ந்துகொண்டிருப்பதைக் கண்டேன். இங்கே அதை ஸ்பானிய நத்தை என்கிறார்கள். மரபணு ஆய்வாளர்கள் தேடியபோது அது ஸ்பெயினிலிருந்து வந்ததற்கான தடயமே கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

பியர் ஊற்றிய கிண்ணத்தை மண்ணில் புதைத்து வைத்தால் அவை விழுந்து சாகும் என்று சொன்னார்கள். விழுந்தன. ஆனால் அந்த வாசனைக்குப் பக்கத்துத் தோட்டங்களின் நத்தைகளும் அல்லவா விருந்துக்கு வந்தன! இப்போது விளிம்பு வெளிப்புறம் வளைந்த தகரவேலியைப் பாத்தியைச் சுற்றி நட்டிருக்கிறேன். அந்த வளைவைத் தாண்ட அவற்றால் இயலவில்லை.

இந்தப் போருக்கு நடுவேதான் ஒருநாள், ஓடுள்ள பெரிய நத்தை ஒன்று கீரைப் பாத்தியின் ஓரத்தில் அசையாமல் இருப்பதைக் கண்டேன். கோபத்தோடு தூக்கப் போனபோது, அதன் ஓடு மட்டுமே மண்ணுக்கு மேலே தெரிவதையும், உடலின் முன்பகுதி ஒரு குழிக்குள் இறங்கியிருப்பதையும் பார்த்துக் கையை எடுத்துவிட்டேன். அது திராட்சைத்தோட்ட நத்தை, இந்நாட்டு நத்தைகளில் மிகப் பெரியது. ஓடு 5 சென்றிமீற்றர் வரை வளரும். நத்தையின் பிறப்புத்துளை கழுத்துப் பக்கத்தில் இருப்பதால், தலையோடு குழிக்குள் இறங்கித்தான் முட்டையிட வேண்டும். மறுநாள் மாலையிலும் அது அதே இடத்தில் இருந்தது. அதன் பிறகு குழியை மண்ணால் மூடிவிட்டுப் போய்விட்டது. நான் ஒரு ஓரத்தை மட்டும் மெல்லக் கிளறிப் பார்த்தேன்: முத்துப் போன்ற வெள்ளை முட்டைகள், எண்ணியவரை நாற்பதுக்கு மேல். திரும்ப மூடி, நான்கு மூலையிலும் குச்சி நட்டு, அந்த இடத்தில் அந்த ஆண்டு மண்வெட்டியே போடவில்லை. ஏறக்குறைய ஒரு மாதத்தில், ஒளி ஊடுருவும் மெல்லிய ஓட்டோடு குஞ்சுகள் வெளியே வந்தன. தம் முட்டையின் கோதையே அவை முதலில் தின்கின்றன. ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டுமல்லவா?

ஓடில்லாததைக் கொல்வதும் ஓடுள்ளதைக் காப்பதும் என்ன நியாயம் என்று என் மகள் கேட்டாள். பெரிய நத்தை பெரும்பாலும் வாடி அழுகிய இலைகளையே விரும்புகிறது என்றும், முழு வளர்ச்சி அடைய அதற்குச் சில ஆண்டுகள் ஆகும் என்றும், பல மாநிலங்களில் அதைப் பொறுக்குவது சட்டப்படி தடை என்றும் பதில் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்தால் அவ்வளவு திருப்தி தெரியவில்லை.

பீல் ஏரிக்கரையிலிருந்து

எனது அனுபவம் சிறியது, ஆனால் அரிப்பு மிகுந்தது. கடும் வெயில் அடித்த ஓர் ஆடி மாதத்தில் கரையோரத் தேங்கிய நீரில் இரண்டு மணி நேரம் விளையாடிய என் இரு பிள்ளைகளுக்கும் அன்றிரவே கால்களில் சிவந்த தடிப்புகள் எழுந்தன. கொப்புளிப்பான் என்று பயந்து வேப்பிலை தேடினோம். சுவிசில் வேப்பிலைக்கு எங்கே போவது? மருத்துவர் பார்த்துவிட்டு, ஏரியில் குளித்தீர்களா என்று மட்டும் கேட்டார்.

காரணம் நீர் நத்தை. வாத்தின் உடலில் வாழும் ஒரு நுண்புழு, தன் வாழ்வின் ஒரு பகுதியை ஆழமற்ற நீரில் வாழும் நத்தைக்குள் கழிக்கிறது. நீர் சூடேறும்போது நத்தையிலிருந்து வெளியேறும் அதன் குஞ்சுகள் வாத்தைத் தேடி நீந்துகையில், வழிதவறி மனிதத் தோலைத் துளைக்கின்றன. அங்கே அவற்றால் வளர முடியாது, தோலுக்குள்ளேயே இறந்துவிடுகின்றன. அரிப்பு ஒன்றிரண்டு வாரங்களில் தானாக ஆறியது. தேங்கிய கரையோரத்தைத் தவிர்ப்பதும், வெளியே வந்ததும் துவாயால் அழுத்தித் துடைப்பதும் போதும் என்றார் அவர்.

ஆர்காவ் மாநிலத்திலிருந்து

பிற்காலத்தில் வந்த சிப்பிகளைப் பற்றியே பேசுகிறோம்; இந்த மண்ணுக்கே உரியவற்றைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் குளத்தில் நீர் வற்றிய ஒரு கோடையில், என் உள்ளங்கையை விட நீளமான ஒரு சிப்பி சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. அன்னச்சிப்பி என்று இவர்கள் அழைக்கும் அது 20 சென்றிமீற்றர் வரை வளரும். கவலை என்னவென்றால், அதன் முதுகில் ஏழெட்டு வரிக்குதிரைச் சிப்பிகள் ஏறி ஒட்டியிருந்தன. அவை பெருகினால் பெரியது வாய் திறக்கவும் முடியாமல் பட்டினியால் இறந்துபோகும். ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆழமான பகுதியில் விட்டேன்.

இதன் குடும்பத்தில் ஓவியர் சிப்பி என்று ஒன்றும் உண்டு; அதன் ஓட்டைப் பழைய ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் கிண்ணமாக வைத்திருந்தார்கள். இவற்றின் குஞ்சுகள் மீனின் செவுளில் ஒட்டிச் சில வாரம் பயணம் செய்த பிறகே தரையில் இறங்கி வாழத் தொடங்குகின்றன. அதற்கு ஈடாக, கசப்புக்கெண்டை என்னும் சிறுமீன் தன் முட்டையைச் சிப்பியின் செவுளுக்குள் இட்டு வைக்கிறது. ஆற்றை நேராக்கிக் கரைக்குக் கல் கட்டிய இடங்களில் மீனும் போயிற்று, சிப்பியும் போயிற்று. தடித்த ஓட்டு ஆற்றுச்சிப்பி இன்று இந்நாட்டில் விரல் விட்டு எண்ணத்தக்க இடங்களிலேயே மிஞ்சியிருக்கிறது.

லவுசானிலிருந்து

பேர்ணில் இருக்கும் அக்காவின் நத்தையைப் பற்றியே நானும் எழுதுகிறேன். ஜெனிவா ஏரிக்கு மேலே படிக்கட்டாக ஏறும் லவோ திராட்சைத் தோட்டங்களில் நான் பல ஆண்டுகள் அறுவடை வேலைக்குப் போயிருக்கிறேன். மழை விட்ட மறுகணம், அங்குள்ள கல்மதில்கள் முழுவதும் நத்தைகளாக இருக்கும். பனிக்காலத்தில் அதே மதிலடி மண்ணைத் தோண்டினால், ஓட்டின் வாயைச் சுண்ணாம்பு மூடியால் அடைத்துக்கொண்டு அவை உறங்குவதைக் காணலாம்.

அந்த மூடி போட்ட நத்தைக்கு முன்பு நல்ல விலை இருந்ததாம். துறவிமடங்களில் நத்தைக்கென்றே வேலியிட்ட தோட்டங்கள் வைத்து வளர்த்தார்கள். தவக்காலத்திலும் வெள்ளிக்கிழமையிலும் மாமிசம் ஆகாது. நத்தையோ மாமிசக் கணக்கில் சேராது. வெள்ளிக்கிழமை மரக்கறி என்னும் விரதத்தில் வளர்ந்த நான், இந்தச் சலுகையை எங்கள் அம்மாவிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார்.

வேலையிடத்தில் மூத்த தொழிலாளி ஒருவர் ஒவ்வொரு நத்தையையும் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைப்பார். கேட்டால், அரசனைத் தேடுகிறேன் என்பார். இந்நத்தைகளின் ஓடு ஏறக்குறைய எல்லாமே ஒரே பக்கமாகச் சுழல்கின்றன. பல்லாயிரத்தில் ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சுழலும். அதற்குத்தான் நத்தையரசன் என்று பெயர். எனக்கு உடனே வலம்புரிச் சங்கு நினைவுக்கு வந்தது. அங்கும் அரிது, இங்கும் அரிது. அங்கு பூசையறை, இங்கு அரசப் பட்டம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. விலங்கியலார் சுருளின் உச்சியை மேலே வைத்து வாய் எந்தப் பக்கம் என்று பார்ப்பதால், அவர்கள் இடச்சுழி என்று சொல்வதுதான் நமது வலம்புரி. நம் மரபு சங்கைத் தலைகீழாக வைத்துப் பக்கம் சொல்கிறது. ஆகவே இங்கே மதிலில் ஊர்வதெல்லாம் நம் கணக்கில் இடம்புரி, அரசன் மட்டும் வலம்புரி. அந்த அரசனுக்கு ஒரு துயரமும் உண்டு: உடலின் அமைப்பும் எதிர்ப்பக்கமாக இருப்பதால், மற்ற நத்தைகளோடு அதனால் சேர முடியாது.

இதை வீட்டில் சொன்ன நாளிலிருந்து என் மகனும் தேடத் தொடங்கினான். சென்ற வைகாசியில் ஒரு மாலை, தோளில் நத்தையை ஏற்றிக்கொண்டு தானே எடுத்த படம் ஒன்றைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினான். ஓட்டின் வாய் ஐயமில்லாமல் இடப்பக்கம் இருந்தது. அரைமணி நேரத்தில் கனடாவிலிருந்து பெரியப்பா வாழ்த்தினார். ஊரிலிருந்து அம்மா, அதை விற்றுவிடாதே, சாமியறையில் வைக்கவும் வேண்டாம், உயிரோடு விட்டுவிடு என்று குரல்பதிவு அனுப்பினார். நான் வேலையிலிருந்து பாதியில் கிளம்பி, தொடருந்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வெவே நிலையம் தாண்டும்போதுதான், அவன் சட்டையில் இருந்த பள்ளியின் பெயர் பின்னிருந்து முன்னாக எழுதப்பட்டிருப்பது கண்ணில் பட்டது. கைப்பேசியின் முன்பக்கக் கமரா கண்ணாடி போல் திருப்பிக் காட்டியிருந்தது. வீட்டுக்குப் போனபோது நத்தை, ஒழுங்கான இடம்புரியாக, சலாட் இலை தின்றுகொண்டிருந்தது.